சாஃப்ட் பேஸ்டலுக்கு எந்த சாண்டட் பேப்பர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்டல் பழகுபவர்கள் பெரும்பாலும் பணத்தையெல்லாம் பேஸ்டல் கட்டிகளில் போட்டுவிட்டு, தாளில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர்மாறு. சுமாரான கட்டியை நல்ல தாளில் தேய்த்தால் நல்ல படம் வரும். உயர்ந்த கட்டியை வழவழப்பான தாளில் தேய்த்தால் இரண்டாவது அடுக்கிலேயே சேறாகிவிடும். எந்தத் தாள், எந்த எண், எந்தக் கட்டியோடு என்று என்னிடம் வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

சாண்டட் பேப்பர் என்றால் என்ன? சாதாரண பேஸ்டல் தாள் போதாதா?

சாஃப்ட் பேஸ்டலில் நிறமிதான் பிரதானம். கட்டி உதிராமல் இருக்கும் அளவுக்குத்தான் பசை உண்டு. ஆயில் பெயின்டில் எண்ணெய் நிறமியைப் பிடித்துக்கொள்கிறது, வாட்டர்கலரில் கோந்து பிடித்துக்கொள்கிறது. பேஸ்டலில் அந்த வேலை முழுக்கத் தாளின் தலையில் விழுகிறது. தாளில் உள்ள மேடுபள்ளம் எவ்வளவு தூளைப் பிடித்து வைக்கிறதோ அவ்வளவுதான் படம்.

சாண்டட் பேப்பரில் தாளின் மேல் நுண்ணிய துகள்களை ஒரு பசைப் பூச்சோடு ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு துகளும் கட்டியைக் கொஞ்சம் சீவி, அந்தத் தூளைப் பக்கத்துப் பள்ளத்தில் வைத்துக்கொள்ளும். அதனால் அடுக்கின்மேல் அடுக்காகப் போடலாம்.

சாதாரணத் தாளும் தவறில்லை. கான்சன் மி-தாந்த் 160 கிராம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை) தாளில் எத்தனையோ நல்ல படங்கள் வந்திருக்கின்றன. ஒரு பக்கம் தேன்கூடு போன்ற அச்சு, மறுபக்கம் அதைவிட மென்மை. விரைவான ஸ்கெட்ச்சுக்கும், தாளின் நிறம் ஆங்காங்கே தெரியட்டும் என்று விடும் பாணிக்கும் அது போதும். ஆனால் நான்கைந்து அடுக்கு போட்டு, கடைசியில் கனமாக ஒரு வெளிச்சம் வைக்க வேண்டுமென்றால் அது தாங்காது. கட்டி வழுக்கிக்கொண்டு போகும், நிறம் ஏறாது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இரண்டு தாளிலும் உள்ளங்கை அளவுக்குக் கரும்பச்சையைத் தேயுங்கள். அதன்மேல் ஊதா, அப்புறம் நடுத்தரப் பச்சை. கடைசியாக வெளிர் மஞ்சள் கட்டியை எடுத்து, இலையில் வெயில் படுவதுபோல் ஒரே ஒரு தொடல். சாண்டட் பேப்பரில் அந்த மஞ்சள் மஞ்சளாகவே உட்காரும், கட்டியின் விளிம்பு பட்ட இடம்கூடத் தெளிவாகத் தெரியும். சாதாரணத் தாளில் அது கீழே உள்ள பச்சையை இழுத்துக்கொண்டு அழுக்குப் பச்சையாகிவிடும்.

400, 600 என்று எண் போட்டிருக்கிறதே, அது என்ன?

துகளின் அளவு. எண் கூடக்கூடத் துகள் சிறிதாகும், தாள் மென்மையாகும். இது உப்புத்தாள் உலகத்திலிருந்து வந்த வழக்கம். ஐரோப்பிய அளவுமுறையில் பி240 உப்புத்தாளின் துகள் சராசரியாக 58 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவு, பி400 என்றால் 35, பி800 என்றால் 22 மைக்ரானுக்குக் கொஞ்சம் குறைவு. ஓவியத் தாள் தயாரிப்பவர்கள் எல்லோரும் இதே அளவை அப்படியே பின்பற்றுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே நிறுவனத்தின் தாள்களை ஒன்றோடொன்று ஒப்பிட எண் உதவும். வேறு வேறு நிறுவனங்களை ஒப்பிடக் கையால் தேய்த்துப் பார்ப்பதுதான் வழி. எண்ணே போடாத தாள்களும் நிறைய உண்டு.

அப்படியானால் எனக்கு எந்த எண்?

முதல் தாள் என்றால் 400. யோசிக்கவே வேண்டாம். நிலக்காட்சி, பழம், பூ, பானை எல்லாவற்றுக்கும் சரிவரும். மென்மையான கட்டியையும் ஏற்கும், கொஞ்சம் கடினமான கட்டியையும் ஏற்கும்.

240, 280, 320 எல்லாம் முரடு. பெரிய அளவில், கட்டியைப் படுக்கவைத்து அகலமாக இழுத்து வரைபவர்களுக்கு அது சுகம். பாறை, அலை, காய்ந்த புல்வெளி போன்றவற்றுக்குத் தாளே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். ஆனால் கட்டி வேகமாகக் கரையும். சிறிய படத்தில் கண், உதடு மாதிரி நுணுக்கம் வைக்க வராது, கோடு உடைந்து உடைந்துதான் விழும்.

500, 600 முக ஓவியத்துக்கு நல்லது. தோலில் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் மெல்ல நழுவ வேண்டும், அங்கே துகள் தனித்துத் தெரியக்கூடாது. 800 கிட்டத்தட்ட வெல்வெட். பேஸ்டல் பென்சிலால் விலங்குகளின் ரோமம், பறவையின் இறகு வரைபவர்கள் விரும்புவார்கள். அதில் அடுக்குகள் குறைவாகத்தான் ஏறும்.

படத்தின் அளவையும் கணக்கில் சேருங்கள். ஏ5 அளவில் 320 முரடாகத் தெரியும். அதே 320 இரண்டடி அகலப் படத்தில், நின்று பார்க்கும் தூரத்தில், கண்ணுக்கே தெரியாது.

என்னிடம் இருக்கும் கட்டிகளுக்கு ஏற்றபடி தாளை மாற்ற வேண்டுமா?

ஆமாம். எனக்குக் கேட்டால் தாள் தேர்வில் பாதி இதுதான். கட்டிகளில் கடினம், நடுத்தரம், மிக மென்மை என்று பல தரம் உண்டு. ஃபேபர்-காஸ்டெல், நூபேஸ்டல் போன்ற சதுரக் கட்டிகள் கடினமானவை. ரெம்பிராண்ட் நடுத்தரம். ஷ்மின்கே, செனலியே, டெர்ரி லட்விக் எல்லாம் தொட்டாலே உதிரும் ரகம். நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் முங்கியோவிலேயே இரண்டு ரகம் இருக்கிறது: மலிவான சதுரக் கட்டி கொஞ்சம் கடினம், கையால் உருட்டிய காலரி வகை மென்மை.

கடினமான கட்டி மட்டும் வைத்திருப்பவர் மிக வழவழப்பான தாள் வாங்கினால் நிறம் வெளிறித்தான் விழும். கட்டியைச் சீவ அங்கே துகளின் பலம் போதாது. அவருக்கு 320 அல்லது 400 நல்லது. மாறாக, மிக மென்மையான கட்டியை 240-இல் தேய்த்தால், முதல் அடுக்கிலேயே கால் கட்டி போய்விடும்.

எந்தத் தாளானாலும் வரிசை ஒன்றுதான். கடினமான கட்டியில் ஆரம்பித்து மென்மையானதில் முடியுங்கள். ஆரம்பத்திலேயே மென்மையானதை அழுத்தித் தேய்த்தால் பள்ளமெல்லாம் நிரம்பிவிடும், அப்புறம் எது போட்டாலும் நிற்காது.

கடையில் கிடைக்கும் தாள்களில் எதை வாங்கலாம்?

யூஆர்ட் அமெரிக்கத் தாள். இங்கே சொல்லும் தாள்களில் எண் போட்டு வருவது இதுதான், 240 முதல் 800 வரை. வெளிர் பழுப்பு நிறம். டார்க் என்று கறுப்பு ரகமும் உண்டு. அடுக்கு தாங்குவதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தண்ணீர், ஸ்பிரிட் எல்லாம் தாங்கும். ஒரே தொல்லை, சுருண்டுகொள்ளும். பலகையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினால்தான் அடங்கும். பலகையில் ஒட்டியே வரும் ரகமும் இருக்கிறது, விலை கூடுதல்.

கான்சன் மி-தாந்த் டச், பழைய மி-தாந்தின் சாண்டட் வடிவம். 355 கிராம் கனம், பல நிறங்கள். யூஆர்ட் 400-ஐவிட மென்மையாகக் கைக்குப் படும். இரண்டும் பெயரில் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், வாங்கும்போது 'டச்' என்ற சொல் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். 160 கிராம் என்றிருந்தால் அது சாதாரணத் தாள்தான்.

ஆர்ட் ஸ்பெக்ட்ரம் கலர்ஃபிக்ஸ் ஆஸ்திரேலியத் தயாரிப்பு. நிறங்கள் அருமை. இதே பூச்சை பாட்டிலில் பிரைமராகவும் விற்கிறார்கள், வேறு தாளிலோ பலகையிலோ நாமே பூசிக்கொள்ளலாம்.

செனலியே லா கார்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. தாவரத் துகள்களைக் கொண்டு செய்த பூச்சு அது. தொடுவதற்கு மிருதுவாக, கட்டியை அழகாக வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அந்த இடத்தில் பூச்சு கழன்று வெள்ளைப் புள்ளி விழுந்துவிடும். தும்மல்கூட ஆபத்து. வேர்வை சொட்டும் மதியத்தில் இந்தத் தாளின்மேல் குனிந்து வரையாதீர்கள். அதன் அழகுக்காக இந்தக் கவனம் தகும் என்பவர்கள் உண்டு. ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஆம்பர்சண்ட் பேஸ்டல்போர்ட் தாள் அல்ல, ஹார்ட்போர்டின்மேல் மார்பிள் துகள் கலந்த பூச்சு. வளையாது, சுருளாது. வெளியில் போய் வரைபவர்களுக்கு வசதி.

பேஸ்டல்மேட் சாண்டட் பேப்பரா?

இல்லை. பிரான்ஸின் கிளேர்ஃபோன்டேன் தயாரிக்கும் இந்த 360 கிராம் தாளில் மணல் கிடையாது, செல்லுலோஸ் இழைப் பூச்சு. விரலுக்கு வழவழப்பாகத்தான் இருக்கும், 'இதில் என்ன நிற்கப்போகிறது' என்று தோன்றும். தேய்த்தால் பசை வைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். தூசு கீழே கொட்டுவதும் குறைவு, வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது பெரிய நன்மை. தண்ணீரும் தாங்கும். பேஸ்டல் பென்சில்காரர்கள் பலர் இதை விட்டு நகர மாட்டார்கள்.

ஒரு குணம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: முதல் அடுக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகர்த்த விடாது. விரலால் இழுத்து வானம் செய்து பழகியவர்களுக்கு முதலில் கை வராது. இரண்டாவது அடுக்கிலிருந்து நன்றாகக் கலக்கும்.

ஒரு பழைய பேஸ்டல் புத்தகத்தில் வாலிஸ் பேப்பர் என்று படித்தேன். எங்கே கிடைக்கும்?

கிட்டி வாலிஸ் என்ற அமெரிக்க ஓவியர் உருவாக்கிய தாள் அது. ஒரு காலத்தில் பேஸ்டல்காரர்களின் செல்லம். இப்போது அது வருவதில்லை, அதைத் தேடி அலைய வேண்டாம். அந்தப் புத்தகத்தின் பாடங்களை யூஆர்ட் 400 அல்லது 500-இல் செய்யலாம்.

ஹார்டுவேர் கடை உப்புத்தாளில் வரையலாமா?

பயிற்சிக்குத் தாராளமாக. பெயின்ட் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் கறுப்பு அல்லது கருஞ்சாம்பல் நிறத்தில் கொடுப்பார்கள். 400 அல்லது 600 கேளுங்கள். மரவேலைக்கான பழுப்பு நிறத் தாளைவிட இது சீராக இருக்கும். கறுப்புப் பரப்பில் வெளிர் நிறங்கள் பளிச்சென்று எழும், இரவுக்காட்சிக்கும் விளக்கொளிக்கும் நன்றாக இருக்கும்.

விற்கப்போகும் படத்துக்கும், பரிசாகக் கொடுக்கும் படத்துக்கும் வேண்டாம். அந்தத் தாளும் பசையும் சுவரைத் தேய்ப்பதற்காகச் செய்தவை, பல வருடம் நிறம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற கணக்கே அவற்றில் இல்லை. அமிலம் உள்ள தாள் காலப்போக்கில் மஞ்சளாகி நொறுங்கும். பின்பக்கம் அச்சடித்த எழுத்தும் அங்கேயே இருக்கும். அளவும் சின்னது, பெரிய படம் வராது.

வீட்டிலேயே தயாரிக்க முடியுமா?

முடியும், செலவும் குறையும். 300 கிராம் வாட்டர்கலர் தாள், அக்ரிலிக் ஜெஸ்ஸோ (ஓவியத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு), நைஸான பியூமிஸ் (எரிமலைக் கல்) தூள் அல்லது மார்பிள் தூள், கொஞ்சம் தண்ணீர். நான்கு பங்கு ஜெஸ்ஸோவுக்கு ஒரு பங்கு தூள், ஒரு பங்கு தண்ணீர் என்று ஆரம்பியுங்கள். ஒரு துண்டில் பூசிக் காயவைத்துப் பார்த்துவிட்டு, சொரசொரப்பு போதவில்லையென்றால் தூளைக் கூட்டுங்கள். பியூமிஸ் கடிக்கும் தன்மை கூடியது, மார்பிள் தூள் மென்மையானது.

பிரஷ்ஷால் பூசினால் கோடுகள் விழும். முதல் பூச்சைப் படுக்கையாகவும் இரண்டாவதை நெட்டையாகவும் போட்டால் அது ஒரு நெசவு மாதிரி அமையும், பலருக்கு அது பிடிக்கும். கோடே வேண்டாம் என்றால் சின்ன ஃபோம் ரோலர். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தாள் உள்பக்கமாக வளையும், அதனால் பின்பக்கமும் வெறும் ஜெஸ்ஸோ ஒரு கை பூசிவிடுங்கள். பூச்சில் கொஞ்சம் அக்ரிலிக் நிறம் கலந்தால் வேண்டிய நிறத்தில் தாள் தயார். தூளைக் கலக்கும்போது மாஸ்க் அவசியம்.

கோல்டன் நிறுவனம் பேஸ்டலுக்கென்றே ஒரு அக்ரிலிக் பூச்சு விற்கிறது. அதைத் தண்ணீர் விட்டு இளக்கித்தான் பூச வேண்டும்.

தாள் எந்த நிறத்தில் இருக்க வேண்டும்?

நடுத்தரச் சாம்பலோ மணல் நிறமோ முதலில் எடுங்கள். வெளிச்சமும் நிழலும் இரண்டும் அதில் தெரியும், படத்தில் எது எவ்வளவு அடர்த்தி என்று உடனே மதிப்பிடலாம். வெள்ளைத் தாளில் எந்த நிறத்தை வைத்தாலும் அடர்த்தியாகவே தோன்றும், கை தயங்கும். நிலக்காட்சிக்குச் செம்மண் நிறத் தாள் எனக்குப் பிடிக்கும். பச்சைகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு எட்டிப்பார்க்கும்போது பச்சை உயிர் பெறும். யூஆர்ட் மாதிரி வெளிர் தாளில் வேண்டிய நிறத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம். அதற்குத்தான் அடுத்த கேள்வி.

தாளை ஈரமாக்கலாமா?

லா கார்ட் தவிர நான் மேலே சொன்ன ஓவியத் தாள்கள் எல்லாவற்றிலும் செய்யலாம். கடினமான கட்டியால் பெரிய வடிவங்களை மெலிதாக நிரப்பி, ஸ்பிரிட்டில் நனைத்த மலிவான தட்டைப் பிரஷ்ஷால் ஓட்டுங்கள். நிறம் கறைபோலத் தாளோடு ஒட்டி, தாளின் வெறுமை மறைந்துவிடும். சொரசொரப்பும் கெடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும், தண்ணீரைவிட வேகமாகக் காயும், தாளும் குறைவாகவே நெளியும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக்கூடாது. வெளிர் நிறத்துக்கு வெளிர் பிரஷ், அடர் நிறத்துக்கு வேறு பிரஷ் என்று வைத்துக்கொண்டால் அழுக்காகாது. நல்ல வாட்டர்கலர் பிரஷ்ஷை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், துகள்கள் அதன் முடியைத் தின்றுவிடும்.

விரலால் தேய்த்தால் தோல் எரிகிறது. எல்லோருக்கும் இப்படித்தானா?

உப்புத்தாளில் விரலைத் தேய்த்தால் வேறு என்ன ஆகும்? ரத்தம் வரும்வரை தெரியாமல் தேய்ப்பவர்கள் உண்டு. பார்சலில் வரும் மெல்லிய ஃபோம் ஷீட்டைத் துண்டுபோட்டு அதனால் தேயுங்கள். ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் குழாய் இன்னும் நல்லது. முதல் அடுக்கைப் பள்ளங்களுக்குள் தள்ள மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். பிறகு கலப்பதைக் கட்டியே செய்யட்டும்: ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றை மெலிதாக இழுத்தால் கண்ணே கலந்துகொள்ளும். எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்து மழுக்கிவிட்டால் பேஸ்டலின் மினுமினுப்பு போய்விடும். அப்புறம் இவ்வளவு செலவு செய்து சாண்டட் பேப்பர் வாங்கியதற்கே பலன் இல்லை.

கட்டி மிக வேகமாகத் தேய்கிறதே?

அழுத்தம்தான் காரணம். இறகு பிடிப்பதுபோல் பிடித்து, கட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து இழுங்கள். மேலே சொன்னபடி ஸ்பிரிட்டால் அடிநிறம் போட்டால் பாதிக் கட்டி மிச்சம். பேஸ்டல் பென்சிலும் முரடான தாளில் அடிக்கடி மொட்டையாகும், 600-க்குமேல் போனால்தான் அதற்கு நிம்மதி.

தவறாகப் போட்டதை எப்படி எடுப்பது?

ரப்பர் வேண்டாம். ரப்பரையே தாள் தின்று, அந்தத் துணுக்குகள் பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும். விறைப்பான பன்றிமுடி பிரஷ்ஷால் அந்த இடத்தை மட்டும் தட்டித் தட்டி உதிர்த்துவிடுங்கள், சொரசொரப்பு திரும்பிவிடும். யூஆர்டில் முழுப் படமும் பிடிக்கவில்லையென்றால் உதிர்த்துவிட்டு, மிச்சத்தை ஈரப் பிரஷ்ஷால் கழுவி அதையே அடிநிறமாக்கி மேலே புதிதாக வரையலாம். விலை உயர்ந்த தாளை வாங்கத் தயங்குபவர்களுக்கு இதை நான் அவசியம் சொல்வேன்.

தூசு உடம்புக்குக் கெடுதலா?

வாயால் ஊதுவதை முதலில் நிறுத்துங்கள். ஊதும் தூளைத்தான் அடுத்த மூச்சில் இழுக்கிறோம். சில நிறமிகளில் காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கலாம், கட்டியின் உறையைப் படித்துப் பாருங்கள். படத்தைச் செங்குத்தாக, மேல்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி வைத்தால் தூள் நேராகக் கீழே விழும். கீழே ஒரு ஈரத்துணி அல்லது மடித்த தாள் வையுங்கள். உதிர்க்கும் வேலையை மொட்டைமாடியில் செய்யுங்கள். சீலிங் ஃபேன் ஓடும் அறையில் வரைந்தால் அந்தத் தூள் வீடெங்கும் போகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு என்95 மாஸ்க் கட்டாயம்.

ஃபிக்ஸட்டிவ் (தூளை ஒட்டவைக்கும் ஸ்ப்ரே) அடிக்க வேண்டுமா? முடித்த படத்தை எப்படி வைப்பது?

நல்ல சாண்டட் பேப்பரில் கடைசியாக அடிப்பதைத் தவிர்க்கலாம் என்பதே என் எண்ணம். வெளிர் நிறங்கள் கருத்து, பட்டுப்போன்ற மேற்பரப்பு மங்கிவிடும். தாள் நிரம்பி இன்னும் ஒரு அடுக்கு வேண்டும் என்றால் நடுவில் மெலிதாக ஒருமுறை அடிக்கலாம். முடித்ததும் பலகையின் பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினால் ஒட்டாத தூள் விழுந்துவிடும்.

அடுக்கி வைக்க ஒவ்வொரு படத்துக்கும் மேலே கிளாசின் தாள், கிடைக்காவிட்டால் வழவழப்பான பட்டர் பேப்பர். மேலே வைத்தபின் நகர்த்தக் கூடாது. சட்டம் போடும்போது கண்ணாடிதான், அக்ரிலிக் ஷீட் வேண்டாம். அக்ரிலிக்கில் ஏறும் மின்னேற்றம் தூளை இழுத்துக்கொள்ளும். கண்ணாடி படத்தைத் தொடாமல் இடையில் மவுன்ட்டோ ஸ்பேசரோ இருக்க வேண்டும். இதைச் சட்டம் போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் எதிரிலேயே நின்று செய்து வாங்குங்கள். துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் படம் போச்சு.

கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், அடர் நிறங்களின்மேல் சாம்பல் பொட்டாகத் தெரியும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்துக்குப் பின்னால் நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினால் காற்று போகும்.

முதல்முறை எவ்வளவு வாங்கலாம்?

பெரிய பேட் வேண்டாம். பல நிறுவனங்கள் பல ரகங்களைக் கலந்த மாதிரிப் பொதி விற்கின்றன, அது கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் 400-இல் ஒரு பெரிய தாளும் பேஸ்டல்மேட் ஒரு தாளும் வாங்கி, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டுங்கள். வெட்டும்போது பின்பக்கம் பிளேடு வையுங்கள், முன்பக்கம் வெட்டினால் பிளேடு உடனே மழுங்கும். ஒரே எலுமிச்சையை, ஒரே கட்டிகளால், இரண்டிலும் வரையுங்கள். எதில் கை தானாகப் போகிறதோ அதுதான் உங்கள் தாள், மற்றவர்கள் எதைப் புகழ்ந்தாலும் சரி.

வெட்டிய துண்டில் எது முன்பக்கம் என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

முரடான எண்களில் விரல் வைத்தாலே தெரியும். 800-லும் பேஸ்டல்மேட்டிலும் குழப்பம் வரும். கடினமான கட்டியால் இரண்டு பக்க ஓரத்திலும் ஒரு சின்னக் கோடு போடுங்கள். முன்பக்கத்தில் கோடு அடர்த்தியாக, தூளாக விழும். பின்பக்கத்தில் வெளிறி வழுக்கும். கண்டுபிடித்ததும் பின்பக்கம் பென்சிலால் தாளின் பெயரையும் எண்ணையும் எழுதி வைத்துவிடுங்கள்.